ஐந்தாம் படுக்கையின் காலைக் காய்ச்சல்

லீமாவின் சேலை வெள்ளை, கரை நீலம். நர்சுகளுக்கு அந்தக் கரை கிடையாது. முழு வெள்ளையும், தலையில் கஞ்சி போட்ட தொப்பியும். கொடைக்கானலில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குள் யார் பேச, யார் கேட்க என்பதை அந்த இரண்டு விரல் அகல நீலம் தீர்த்து வைத்துவிடும். டாக்டரம்மா நர்சிடம் சொல்வார். நர்ஸ் லீமாவிடம் சொல்வாள். லீமா யாரிடம் சொல்வது? நோயாளிகளிடம்தான் சொல்ல வேண்டும். அவர்கள்தான் எழுந்து ஓட முடியாதவர்கள்.

பக்கத்து நாயுடுபுரத்திலிருந்து அறுபத்தொன்பதில் ஆயாவாக வந்து சேர்ந்தவள். மூன்று வருஷம் கூட்டிப் பெருக்கினாள், துணி அலசினாள். கை சுத்தம், வாய் அடக்கம் என்று நினைத்து ஒரு வருஷம் வகுப்பில் உட்கார வைத்து நர்சிங் அசிஸ்டென்ட் ஆக்கினார்கள். கை விஷயத்தில் அவர்கள் கணக்கு சரி. வாய் விஷயத்தில் ஏமாந்துபோனார்கள்.

நர்சிங் அசிஸ்டென்ட் என்றால் என்ன வேலை என்று நாயுடுபுரத்துப் பெண்கள் கேட்டால் லீமா இப்படிச் சொல்வாள்: "டாக்டரம்மா ஒரு நாளைக்கு ரெண்டு நிமிசம் பாப்பாங்க. நர்சு பத்து நிமிசம். மிச்ச நேரம் பூரா என் சோலிதான்." பெருமையடிப்பதாகத் தோன்றும், ஆனால் ஒரு வார்த்தை பொய்யில்லை. உடம்பு துடைத்துவிடுவது, தலை வாருவது, நகம் வெட்டுவது, படுத்தவாக்கில் கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடுவது, கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, சிறுநீரை அளப்பது, காய்ச்சலும் நாடியும் பார்ப்பது, எல்லாம் அவள்தான். ஆனால் சார்ட்டில் எழுதக் கூடாது. பார்த்ததைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து நர்சிடம் கொடுக்க வேண்டும். நர்ஸ் அதைப் பார்த்து மையால் சார்ட்டில் ஏற்றித் தன் கையெழுத்தைப் போடுவாள். அதோடு சீட்டு குப்பைக் கூடைக்குப் போய்விடும். அசிஸ்டென்ட் ஆன ஐந்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருடைய காய்ச்சலைப் பார்த்திருப்பாளோ, ஒரு சார்ட்டிலாவது லீமா என்ற பெயர் கிடையாது.

தனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்வாள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

எழுபத்தெட்டு ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த ஒரு காலையில், கீழே இருக்கும் வெள்ளகவி மலைக்கிராமத்திலிருந்து அழகம்மாள் வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒற்றையடிப் பாதையில் மலையேறி, வழியில் பத்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்திருந்தாள். புருஷன் திருமலைச்சாமி செருப்பில்லாத காலோடு வராந்தாவில் நின்றார். அவர்கள் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆஸ்பத்திரித் தரையையும் கோயில் தரை மாதிரியே மிதித்தார்.

"என்னம்மா பண்ணுது?" என்று டாக்டரம்மா சுந்தராம்பாள் கேட்டார்.

"இடுப்பு வலிங்க" என்றாள் அழகம்மாள். எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் இடுப்பு வலிதான். வேறு ஒன்றும் வாயிலிருந்து வரவில்லை. சரி, இடுப்பு வலி என்றே எழுதி, பெண்கள் வார்டில் ஐந்தாம் படுக்கையைக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் லீமா வெந்நீர் வைத்து உடம்பு துடைக்கப் போனாள். திரையை இழுத்துவிட்டுச் சேலையைத் தளர்த்தச் சொன்னபோது அழகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய சேலைத் துணியைக் கிழித்து, இரண்டு தொடைக்கும் நடுவே இறுக்கிக் கட்டியிருந்தாள். கட்டிக் கட்டித் தோல் புண்ணாகிக் கிடந்தது.

"எத்தனை வருசமாக்கா?" என்று லீமா மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு வருசம் தாயி. கடைசிப் பிள்ளை பெத்த பத்தாம் நாளே காப்பி மூட்டை தூக்குனேன். அன்னைக்கு எறங்குனது. உள்ள தள்ளி, துணியக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போயிருவேன். அவருகிட்டகூடச் சொன்னதில்ல. இதப் போயி எப்படித் தாயி வாய்விட்டுச் சொல்ல?" அழகம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

லீமாவும் அழுதாள். அழுதுகொண்டேதான் துடைத்துவிட்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நேரே நர்ஸ் அமலியிடம் போய்ச் சொன்னாள். அமலி டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கர்ப்பப்பை முழுக்க இறங்கிவிட்டது, எடுத்துவிட்டால் ஒரு தொல்லையும் இருக்காது என்றார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து டாக்டர் சேனாதிபதி மலையேறி வருவார். வெள்ளி காலை எல்லாரையும் பார்ப்பார், சனிக்கிழமை ஆபரேஷன் செய்வார், ஞாயிறு இறங்கிப்போவார். அவர் வர இன்னும் ஏழு நாள் இருந்தது. அதற்குள் புண்ணை ஆற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

புண் ஆறியது. லீமா வேளைக்கு வேளை கழுவி மருந்து போட்டாள், ஆறாமல் எங்கே போகும்? ஆனால் இரண்டாம் நாள் காலையில் அழகம்மாளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நூற்றொன்று.

வந்தது சாதாரணக் காய்ச்சல் மாதிரியும் இல்லை. காலை ஆறு மணிக்கு நூற்றொன்று. சாயங்காலம் நான்கு மணிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் நூற்றொன்று. ஊரில் உள்ள காய்ச்சல் எல்லாம் பொழுது சாயச் சாய ஏறும். இது விடியும்போது ஏறியது. ரத்தம் எடுத்தார்கள், சுத்தம். சிறுநீர் பார்த்தார்கள், சுத்தம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், அதுவும் சுத்தம். டாக்டரம்மா தடித்த புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் இரண்டு பென்சிலின் ஊசி எழுதினார்.

காய்ச்சல் இருந்தால் கத்தி வைக்க மாட்டார்கள். இது வார்டில் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை டாக்டரம்மா படுக்கை அருகே நின்று, "நாளைக்குக் காலையிலயும் காய்ச்சல் இருந்தா இங்க ஆபரேஷன் கெடையாது. மதுரைக்கு எழுதித் தர்றேன், பெரிய ஆஸ்பத்திரியில போயிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருமலைச்சாமி லீமாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மருதைக்கெல்லாம் முடியாதும்மா. பூண்டு எடுக்கிற நேரம். மூணு பிள்ளைக அங்க ஒத்தையில கெடக்கு. நாளைக்கு இல்லைன்னா ஊருக்கே கூட்டிட்டுப் போயிர்றேன்."

"அண்ணே, போனா இந்த அக்கா திரும்ப வராதுண்ணே" என்றாள் லீமா.

"தெரியும்" என்றார் அவர்.

லீமாவுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷம் வாய் திறக்காதவள் தன்னிடம் திறந்தாளே, அதற்காவது ஒரு பலன் வேண்டாமா? அவள் புருஷன் மனுவேல் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். தட்டைப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் அந்த அம்மாவுக்குக் காப்பி போடணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

இந்தக் காப்பிக் கதையைச் சொல்லியாக வேண்டும். அழகம்மாள் ஊரில் விடியுமுன் எழுந்ததும் சொந்தக் காட்டுக் காப்பியில் கருப்பட்டி போட்டு ஒரு செம்பு குடிக்கிறவள். குடிக்காவிட்டால் தலை இடிக்கும், கை நடுங்கும். ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு மணியடித்ததும் டெம்பரேச்சர். ஆறரைக்குத்தான் காப்பி. காப்பி என்று பெயர், பால் கழுவின தண்ணீர். வந்த அன்று சாயங்காலம் கொடுத்ததும் அதேதான்; அதை ஒரு வாய் குடித்துவிட்டு அழகம்மாள் டம்ளரைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்தே லீமாவுக்கு மனசு பொறுக்கவில்லை. திருமலைச்சாமி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த காப்பித் தூளை வாங்கிப்போய் மனுவேலிடம் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வெள்ளனே பிளாஸ்க்கில் சுடச்சுடக் கருங்காப்பி. ஐந்தே முக்காலுக்கு, யாரும் பார்ப்பதற்குள், ஐந்தாம் படுக்கைக்கு ஒரு டம்ளர். அழகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். குடித்து முடித்ததும் முகமே வேறாகிவிடும்.

"போடுங்க" என்றாள் லீமா. "நாளைக்குக் கொஞ்சம் கூடவே போடுங்க. பாவம், அதாவது குடிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. காப்பி கொடுத்தாள். ஆறு மணிக்குத் தெர்மாமீட்டரை உதறி, சேசு, மரி, சூசை என்று மூன்று பேரையும் துணைக்குக் கூப்பிட்டு, அழகம்மாளின் நாக்குக்கு அடியில் வைத்தாள். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நூற்றொன்றுக்கு மேலே ஒரு கோடு. அந்த நேரத்தில் மூன்று பேர் மேலும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அமலி சார்ட்டில் ஏற்றினாள். டியூட்டி அறைப் பலகையில் நாளைய ஆபரேஷன் பட்டியலிலிருந்து அழகம்மாளின் பெயரை அழித்தார்கள். திருமலைச்சாமி வராந்தாவில் மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

மற்ற படுக்கைகளின் வேலையை முடித்துவிட்டு, பெட்பேன் கழுவும் அறைக்குப் பக்கத்தில் இருந்த மரப் பெஞ்சில் லீமா உட்கார்ந்தாள். எட்டு மணி. தலை கனத்தது, உடம்பு அசதியாக இருந்தது. பிளாஸ்க்கில் மிச்சம் இருந்த காப்பியில் ஒரு டம்ளரை ஊற்றி மடமடவென்று குடித்தாள். நமக்கும் காய்ச்சலோ என்று ஒரு சந்தேகம். கழுவி வைத்திருந்த தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நூற்றொன்றரை!

"ஐயையோ சேசுவே, ஒட்டிக்கிருச்சு!" என்று எழுந்தே விட்டாள். வெள்ளகவிக் காய்ச்சல் தன்னையும் பிடித்துவிட்டது, இனி மனுவேலுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒரு நிமிடத்தில் வீட்டையே காய்ச்சலில் படுக்க வைத்துவிட்டாள். பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. கழுத்தைத் தொட்டாள். ஜில். மறுபடியும் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

சூடாக எதையாவது குடித்த கால் மணி நேரத்துக்குள் வாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். பரீட்சையில் அவளே எழுதி, அந்தக் கேள்விக்கு முழு மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் டெம்பரேச்சருக்குப் பிறகுதான் காப்பி என்பதால் ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் அதை நினைத்துப் பார்க்கும் தேவை வரவில்லை. அந்த வரிசையை உடைத்தது அவளுடைய பிளாஸ்க்தான். காய்ச்சல் அழகம்மாள் உடம்பில் இல்லை, வாயில்தான் இருந்தது. அதையும் ஊற்றி விட்டவள் லீமா.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. ஐந்தாம் படுக்கைக்கு ஓடி அழகம்மாள் வாயிலும் வைத்தாள். தொண்ணூற்றெட்டரைகூட இல்லை.

இனி என்ன செய்வது? யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்றைக்கும் தெரியாது. பென்சில் சீட்டுகள் எல்லாம் என்றைக்கோ குப்பையோடு எரிந்துபோயின. சார்ட்டில் ஏழு நாளும் அமலியின் கையெழுத்துதான் இருக்கிறது. வெளியில் சொன்னால் வேலை போகலாம். டாக்டர் எழுதாத எதையும் நோயாளி வாயில் போடக் கூடாது என்பது அசிஸ்டென்டுகளுக்கு முதல் விதி. போன வருஷம் ஒரு கிழவிக்கு ஊறுகாய் கொடுத்ததற்கே ஒரு தடவை எச்சரித்திருந்தார்கள். அமலியிடமாவது முதலில் சொல்லலாம் என்று தேடினாள். அமலி டாக்டர்களோடு ரவுண்ட்ஸில் இறங்கிவிட்டாள்.

ரவுண்ட்ஸில் லீமாவுக்கும் ஒரு இடம் உண்டு, கடைசி இடம். முன்னால் மதுரை டாக்டர் சேனாதிபதி, அடுத்து டாக்டரம்மா, அடுத்து சார்ட்டுகளோடு அமலி, கடைசியில் கை கழுவத் தண்ணீர்ப் பேசினும் துண்டுமாக லீமா. பேசினுக்கு வாய் உண்டா? அவளும் ஒரு ரவுண்ட்ஸில்கூட வாய் திறந்ததில்லை.

ஐந்தாம் படுக்கைக்கு வந்தார்கள். சேனாதிபதி சார்ட்டைப் புரட்டினார். "என்ன இது, காலையில மட்டும் ஒரு காய்ச்சல்?"

"எனக்கும் புரியலை டாக்டர். எல்லா டெஸ்டும் பாத்தாச்சு. மதுரைக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

அழகம்மாள் ஏழு நாளாகக் கட்டாத அந்தத் துணியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊருக்கு நடக்க வேண்டுமே. வேறு யார் கண்ணிலும் அது படவில்லை, லீமா மட்டும் பார்த்துவிட்டாள்.

"டாக்டரம்மா!" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். பேசினில் தண்ணீர் தளும்பியது.

"அந்த அக்காவுக்குக் காய்ச்சல் இல்லீங்க. ஒரு நாளும் இருந்ததில்லீங்க. நான்தான் வெள்ளனே காப்பி குடுத்தேன், சுடச்சுட. குடுத்த கையோட தெர்மாமீட்டர வச்சேன். ஏழு நாளும் அப்படித்தாங்க. சிஸ்டர் எழுதுனது என் சீட்ட நம்பிங்க. பாத்தது நான். தப்பு எம்மேலதான்."

டாக்டரம்மாவின் முகம் சிவந்துபோனது. "ஆறு நாளா ஊசி போட்டிருக்கேன் லீமா! பன்னெண்டு ஊசி!"

"ஆமாங்க" என்றாள் அழகம்மாள் படுக்கையிலிருந்து. "அதுதான் உக்கார முடியல."

அமலிக்கு இருபத்துநான்கு வயது, அந்த வார்டில் சேர்ந்து எட்டு மாதம்தான். அவள் ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால் சார்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நூறுக்கு மேல போனா நானே திரும்ப வச்சுப் பாக்கணும் டாக்டர். நான் பாக்கலை. எம்மேலயும் தப்பு இருக்கு" என்றாள். அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல லீமாவுக்கு இருந்தது.

சேனாதிபதி தானே தெர்மாமீட்டரை உதறி அழகம்மாள் வாயில் வைத்தார். மூன்று நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்து, "தொண்ணூத்தெட்டு நாலு" என்றார். பிறகு லீமாவிடம் திரும்பி, "அந்தக் காப்பி இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

பிளாஸ்க் வந்தது. மலையேறி வந்த குளிரில் மனிதர் ஒரு டம்ளரை அனுபவித்துக் குடித்தார். குடித்துவிட்டு வேறொரு தெர்மாமீட்டரைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, படுக்கையின் கால்மாட்டில் கை கட்டி நின்றார். எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். "நூத்தொண்ணு. என்னையும் மதுரைக்கு எழுதிக் குடுங்க, போயிர்றேன்."

ஆறாம் படுக்கைக் கிழவி முதலில் சிரித்தாள். அப்புறம் வார்டு முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அமலி, நாளைக்கு லிஸ்ட்ல இவங்க பேர திரும்ப எழுது. லீமா, ஒரு வாரத்துக்கு நீ தெர்மாமீட்டர் பக்கமே போகக் கூடாது. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு நான் யோசிக்கணும்" என்றார்.

"சரிங்க" என்றாள் லீமா. வராந்தாவில் திருமலைச்சாமி கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. அன்று காலை வாயில் ஒன்றும் கூடாது என்று அட்டை தொங்கவிட்டிருந்த படுக்கைக்குக் காவல் நின்றவளும் லீமாதான். ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவந்த திருமலைச்சாமியை விரட்டிய விரட்டில் அவர் தோட்டத்துக் கேட் வரை போய்விட்டார். ஆபரேஷன் முடிந்து வந்தவளைப் புரட்டிப் போட்டாள், உதட்டை நனைத்துவிட்டாள், சிறுநீரை அளந்தாள். தெர்மாமீட்டரை மட்டும் தொடவில்லை. அமலி வந்து வைக்கும்போது பார்க்கக்கூடப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். யோசிக்கணும் என்று டாக்டரம்மா சொன்ன சொல் எந்த வேலைக்கு நடுவிலும் காதை விட்டுப் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை, டெம்பரேச்சர் பார்த்து முடிந்ததும் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். "லீமா, இங்க வா." வேலை போய்விட்டது என்றே லீமா நினைத்தாள். மனுவேலிடம் எப்படிச் சொல்வது என்று நடக்கும்போதே வார்த்தை தேடினாள்.

டாக்டரம்மா ஐந்தாம் படுக்கையின் சார்ட்டை எடுத்து, மருந்துகள் எழுதியிருந்த பக்கத்தில், கடைசி மருந்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். எழுதியதைத் தமிழில் வாசித்தார்: "கருங்காப்பி, ஒரு டம்ளர், காலை ஆறரை மணி. டெம்பரேச்சர் பாத்த பிறகு. கொடுக்கிறது லீமா."

லீமாவுக்குப் புரியவில்லை.

"இந்த வார்டுல நோயாளி வாய்க்குள்ள போற எதுவும் சார்ட்ல இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. அதே கறார்க் குரல்தான். "நீ குடுக்கணும்னா எங்கிட்டக் கேளு. நான் எழுதுறேன். குடுத்தவங்க கையெழுத்துப் போடணும், ரூல் அதுதான். இந்தா." தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"எனக்குச் சார்ட்ல எழுத..."

"நேரமாகுது லீமா, காப்பி ஆறுது."

பக்கத்தில் அமலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழகம்மாள் தலையணையில் சாய்ந்தபடி, "வெரசாப் போடு தாயி, தலை இடிக்குது" என்றாள்.

கொடுத்தவர் என்ற கட்டத்தில் அமலியின் கையெழுத்துகள் இங்கிலீஷில் வரிசையாக இறங்கி வந்தன. அதற்குக் கீழே லீமா தமிழில் தன் பெயரை எழுதினாள். பென்சில் பழகிய கை, அழுத்தி எழுதியதில் மை அடுத்த பக்கத்துக்கும் ஊறிவிட்டது. மை காயும் வரை ஊதினாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, ஒரு டம்ளர் காப்பியை ஊற்றி அழகம்மாள் கையில் கொடுத்துவிட்டு, ஆறாம் படுக்கைக் கிழவிக்குப் பெட்பேன் எடுக்கப் போனாள்.